வீடு யார் பேரில் இருந்தாலும்

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் தொழிலாளர் குடியிருப்புக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள், நடுவில் தண்ணீர்த் தொட்டி. வீடு ஒதுக்குவது, கூரை ஒழுகினால் ஆள் அனுப்புவது, தண்ணீர் முறை பிசகாமல் பார்ப்பது என் வேலை. அதோடு வாரம் ஒரு முறை வீட்டுச் சோதனை. கூலிக்கு ஆசைப்பட்டு யாரும் பட்டாசுக்கான கருந்திரியை வீட்டுக்குள் வைத்துச் சுற்றிவிடக் கூடாது. ஒரு பொறி போதும், வரிசையே போய்விடும்.

சோதனை என்றால் ஆண்களும் குழந்தைகளும் தொட்டிப் பக்கம் போய் நிற்க வேண்டும். வீட்டுப் பெண் மட்டும் உள்ளே இருந்து டப்பாக்களைத் திறந்து காட்டுவாள். ஆண்கள் முன்னால் அடுப்படியைக் கிளறுவது மரியாதையில்லை என்று முன்பே ஏற்பட்டிருந்த வழக்கம் அது.

"நல்லாப் பாருங்க தாயி, மொளகாப் பொடிதான். வெடின்னா இந்தா நிக்கா, எம் மருமக. அவளத் தூக்கிட்டுப் போங்க" என்றார் ஒரு மாமியார்.

"திரியக் கொளுத்துறதே அவுகதான்க்கா" என்று மருமகள் பின்னாலிருந்து சொன்னாள்.

சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குள் நுழைந்தேன். அந்த வீட்டுப் பெண் எங்கள் கம்பெனியில்தான் காகிதக் குழாய் உருட்டினாள். புருஷனுக்கு வெடிமருந்துக் கலவை அறையில் வேலை. அப்போதுதான் இருவரும் வேலை விட்டு வந்திருந்தார்கள். பரணிலிருந்து டப்பாவை எடுக்க அவள் கையை உயர்த்தியபோது சேலைத் தலைப்பு விலகியது. கழுத்தில் நான்கு விரல்கள் வெள்ளியாக மினுங்கின. அலுமினியத் தூள். கலவை அறையில் வேலை செய்து கழுவாத கை எதைப் பிடித்தாலும் அப்படித்தான் பதியும்.

டப்பாவை மூடினேன். "பக்கத்துல யாருமில்ல. எம்புட்டு நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆனதுல இருந்துதான். ஆபீஸ்ல சொல்லிராதீகக்கா. அவுகள நிப்பாட்டிட்டா வீடு போயிரும். ரெண்டு பிள்ளைகளோட நான் எங்கன போவேன்?"

அவள் பயம் வீண் இல்லை. வீடு புருஷன் பேரில் ஒதுக்கியது. வேலையை விட்டு நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது கம்பெனி விதி. அந்த விதியை வீடு வீடாகப் படித்துக் காட்டியவளே நான்தான். அவளுக்குத் தாய் வீடும் இல்லை.

குடும்ப வன்முறைச் சட்டம் அப்போது புதிது. விருதுநகரை ஒட்டிய சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் அதற்கென்று ஒரு பாதுகாப்பு அலுவலர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். விடுப்புப் போட்டுவிட்டு விருதுநகர் பஸ் ஏறினேன். பேர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"வீடு யார் பேருல இருந்தா என்ன? அவங்க குடியிருக்கிற வீடு. வெளிய தள்ளக் கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு வாங்கலாம். அதுவரைக்கும் தங்க இல்லம் இருக்கு, வக்கீலுக்குச் செலவில்ல" என்றார் அந்த அலுவலர் அம்மாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "ஆனா, புருஷனக் கூப்பிட்டுப் புத்தி சொல்லிராதீங்க. வெளிய தெரிஞ்சிருச்சுன்னா அன்னைக்குத்தான் அடி அதிகம். வரணுமா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நீங்க வழியச் சொல்லுங்க, போதும்."

புத்தி சொல்வதே என் வேலையில் பாதி. அதைச் செய்யாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. அடுத்த சோதனையில் அவள் டப்பாக்களைத் திறக்கத் திறக்க, கேட்டதை அப்படியே சொன்னேன். அந்த அலுவலரின் போன் நம்பரைத் தாளில் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றாள். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி மனதில் போட்டுக்கொண்டாள். "யோசிக்கேன்க்கா" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்ததும் கம்பெனிக் கோயிலில் பூஜை. எங்கள் போர்மேன் நல்ல மனிதர். தொழிலாளர்களுக்குள் தகராறு என்றால் சாமி முன்னால் சூடத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைப்பார். அதோடு பிரச்சினை தீர்ந்ததாக எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். அந்தக் கழுத்தை அவரும் பார்த்திருக்கிறார்.

"ஏலே, இங்கன வா. பொண்டாட்டிய அடிக்கிற கைக்கு இந்தச் சூடம் சுடட்டும். அமத்து."

அத்தனை பேர் முன்னால் அவன் சூடத்தை அணைத்தான். முகத்தில் ஒன்றுமில்லை. பெண்கள் வரிசையில் நின்ற அவள், வாங்கிய திருநீற்றைப் பூசாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"முடிஞ்சு போச்சும்மா. இனி தொடமாட்டான்" என்றார் போர்மேன் என்னிடம், நிம்மதியாக.

அவர் அந்தப் பக்கம் போனதும் குடியிருப்புக்கு வந்து, சோதனை என்று அறிவித்தேன்.

"நேத்துதான பாத்தீக?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆண்கள் தொட்டிப் பக்கம் போனார்கள். அவனும் போனான். நான் உள்ளே நுழையும்போதே அவள் பிள்ளைகளின் புத்தகங்களையும் ரேஷன் கார்டையும் வயர் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை அடுப்படியில் உட்கார வைத்திருந்தாள்.

"இன்னைக்கு நான் இங்கன இருக்க மாட்டேன்க்கா. சாமி கும்பிட்ட கையோடயே அந்த ஆபீசரம்மாவுக்குப் போனு பண்ணிட்டேன். சிவகாசி பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொன்னாக, அங்கன இருந்து இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போவாகளாம்."

பின்பக்கச் சாலைக்கு ஆட்டோ வரவழைத்தேன். அவள் பிள்ளைகளோடு கொல்லை வழியாகப் போனாள். நான் முன்வாசல் வழியாக வெளியே வந்து பக்கத்து வீட்டில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன்.

"உப்புக்குள்ளயுமா பாப்பீக?" என்றார் அந்த மிளகாய்ப் பொடி மாமியார்.

"ஆமா, உப்பையும் கொட்டுங்க" என்றேன். தொட்டிப் பக்கமிருந்து அவன் நகரவில்லை. ஆட்டோச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் சோதனையை முடித்தேன்.

போர்மேனுக்கு உண்மையாகவே மனவருத்தம். "சத்தியம் பண்ணின பெறகுமா போனா?" என்று கேட்டார்.

"அவளக் கேட்டா சத்தியம் வாங்குனீக?"



சில வாரம் கழித்து, அவளை வெளியேற்றக் கூடாது, அவன் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்தது. அவன் வேலை போகவில்லை. அண்ணன் வீட்டுக்குக் குடிபோனான். அவள் பிள்ளைகளோடு திரும்பி வந்தபோது தொட்டியருகே நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். அவன் முன்பு எப்போதோ உதைத்ததில் உள்தாழ்ப்பாள் பெயர்ந்திருந்தது. தச்சரை வரவழைத்துப் புதிது போட்டுக் கொடுத்தேன். அவள் உள்ளே போய்த் தாழிட்டாள்.

"தள்ளிப் பாருங்கக்கா."

தள்ளினேன்.

"இன்னும் நல்லாத் தள்ளுங்க."

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை. அவளாகத் திறக்கட்டும் என்று வாசலிலேயே நின்றேன்.