ஒலிபெருக்கிக்காக நான் எழுதிய கட்டுரை

மயிலத்துக் குன்றின்மேல் வேல் ஊன்றி நிற்கும் பெருமானே, சொல்லில் பிழை நேராமலும், நேர்ந்ததை மறைக்காமலும் எழுத அடியாளுக்குத் துணை நில். இன்று பங்குனி உத்திரம். காவடிகள் மலையேறும் இந்த நல்ல நாளில், முதுமையில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியரைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறேன்.

என் கட்டுரையின் முதற்படியை அவர் திருப்பித் தந்த பிற்பகல்தான் முதலில் கண்முன் வருகிறது. விழுப்புரத்துக் கல்லூரியின் மேல்மாடி வகுப்பறை. மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தையே மிகுதியாகத் தந்துகொண்டிருந்தது. அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், திண்டிவனத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் என் மகனைவிட இளையவர்; அனந்தபுரத்துப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். தம் ஊரில் இரு கருத்து நிலவும் ஒரு பொருளை எடுத்து, ஆய்ந்து, வாதிட்டு எழுத வேண்டும் என்று எல்லாருக்கும் பணித்திருந்தார். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி வேண்டும் என்பது என் வாதம். அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. எங்கள் தெருமுனை முருகன் கோயிலில் வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் கூம்பிலிருந்து ஆண்டுதோறும் ஒலித்த குரல் என்னுடையதே. உறங்குவோரை எழுப்புவதே மார்கழிப் பாடலின் உயிர் என்று எழுதி, பக்கத்துக்குப் பக்கம் பாடல்களைச் சான்றாக அடுக்கியிருந்தேன்.

அவர் தாளைப் புரட்டியபடியே கேட்டார்: “பாட்டுல வர்ற பொண்ணுங்க வாசல் வாசலா போயிதானம்மா தோழிய எழுப்பறாங்க? நீங்க ஒரு வாசலுக்காவது போயிருக்கீங்களா?”

பிறகு, எதிர்த்தரப்பையும் எழுதச் சொன்னார். “சும்மா எழுதக்கூடாதும்மா. அந்தக் கட்சிக்காரங்க படிச்சா, ஆமா, இதத்தான் சொல்ல வந்தோம்னு தலையாட்டணும்.” மறுக்கப்போகும் கொள்கையை முதலில் அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பது நம் சைவப் பெரியோர் வகுத்த முறை; பரபக்கம் என்று அதற்குப் பெயர். பிறர் கொள்கைக்கு அதைப் பொருத்திப் பார்த்த எனக்கு, என் குரலுக்கே ஒரு பரபக்கம் இருக்கக்கூடும் என்று தோன்றியதில்லை. அன்றே நெஞ்சில் ஒரு கலக்கம் புகுந்தது. மதிப்பெண் குறைந்தால் தாங்கிக்கொள்வேன். மார்கழியில் அந்த மைக் இல்லாமல் போனால்?

அவ்வாரம் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் வீடு வீடாகச் சென்றேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய்ப் பழக்கமில்லை. ஆகவே தூக்கு நிறைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் சுண்டல் பிரசாதம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு, பாட்டு இடைஞ்சலாக இருக்கிறதா என்று வினவினேன். அத்தனை பேரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தேவாமிர்தம் என்றார்கள். அதை வெற்றிக் களிப்போடு எழுதிச் சென்றேன். பேராசிரியர் படித்துவிட்டு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“சாமி சுண்டல கையில வாங்கிக்கினு யாருங்கம்மா வேணான்னு சொல்லுவாங்க? ஒரு தபா வெறுங்கையோட போயிட்டு வாங்க.”

போனேன். முதல் வீட்டிலேயே, “இன்னாம்மா, இன்னிக்குச் சுண்டல் இல்லியா?” என்ற கேலிதான் வரவேற்றது. சிலர் மழுப்பினார்கள். கோயிலை ஒட்டிய வீட்டில் தையல் தைக்கும் அம்மாள் இருந்தாள். பக்கவாதத்தில் விழுந்த கணவரோடு தனித்து வாழ்பவள்; மார்கழி முழுதும் முன்வரிசையில் நின்று கைகூப்பிக் கேட்பவள். அவளிடம் மறுப்பே இராது என்று எண்ணி, கடைசியில்தான் கேட்டேன். அவள் தைப்பதை நிறுத்தினாள்.

“சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? எங்க வூட்டுக்காரருக்கு ராவெல்லாம் தூக்கமே கெடையாதுங்க. விடியறப்போதான் கண்ணு அசருவாரு. அந்த நேரம் பாத்து நீங்க ஆரமிப்பீங்க. அவரு காதுல பஞ்ச வெச்சுட்டு, உங்க பாட்டக் கேக்க நான் ஓடியாந்துடுவேன்.”

“இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலே?”

“சாமி பாட்ட நிறுத்துன்னு எந்த வாயால சொல்றதுங்க?”

அவள் சொற்களை எழுதிவிட்டேன். அவற்றை மறுக்க என்னிடம் ஒரு வரியும் இல்லை. ஒப்படைக்க வேண்டிய நாளில் விக்கிரவாண்டியைப் பேருந்து கடக்கும் வரையில் முடிவுரை எழுதாத தாள் மடியில் கிடந்தது. அவள் பேச்சை விட்டுவிட்டால் என் வாதம் நிற்கும், யாருக்கும் தெரியாது. முருகா, முருகா என்றபடியே, குலுங்கும் வண்டியில் கோணல் எழுத்தில் முடிவை எழுதினேன்: ஒலிபெருக்கி வேண்டாம், வாய்ப்பாட்டே போதும்.

வகுப்பில் அதை உரக்கப் படித்தேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி, “அம்மா, உங்க மைக்க நீங்களே ஆஃப் பண்ணிட்டீங்களே!” என்று கூவ, எல்லாரும் கைதட்டினார்கள். பேராசிரியர் மட்டும் தட்டவில்லை. “நல்லாருக்கும்மா. ஆனா கிட்ட இருக்கறவங்களதான் கேட்டிருக்கீங்க. தூரத்துல இருக்கறவங்க?” என்றார். முடிந்த கட்டுரைக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று எனக்குச் சற்று வருத்தம்.

மார்கழி பிறந்தது. கோயிலை நிர்வகிக்கும் என் கொழுந்தனார் நீட்டிய மைக்கை நான் வாங்கவில்லை. “இன்னா அண்ணி, காலேஜு போயி இதத்தான் கத்துக்கினு வந்தீங்களா?” என்றார். வாய்ப்பாட்டாகவே மாதம் நிறைந்தது.

தை பிறந்த பின் ஒருநாள், கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நிறுத்தினார். ரயில் பாதைக்கு அப்பால் வீடு என்றார். “எங்கம்மா படுத்த படுக்கைங்க. இந்த மார்கழி மைக்குல உங்க பாட்டு கேக்கலியா, பாடற அம்மா செத்துப்பூட்டாங்களான்னு டெய்லி கேட்டுக்கினே இருக்குது.”

அன்றே சென்று, அந்த மூதாட்டியின் கட்டிலருகே அமர்ந்து ஒரு பதிகம் பாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைப் பற்றிக்கொண்டார். “நல்லாதாம்மா பாடற. ஆனா தூரத்துல இருந்து வந்தாதான் கோயிலு மாதிரி இருக்கும்” என்றார்.

பேராசிரியரிடம் இதைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இருந்திருந்தாலும் விடை சொல்லியிருக்க மாட்டார். அந்தக் கிழவியின் சொல்லையும் எழுதிவரச் சொல்லியிருப்பார். எழுதிவிட்டேன். முடிவுரையை இரண்டு விதமாக எழுதி, இரண்டையும் அடித்திருக்கிறேன். அடுத்த மார்கழிக்குள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்ற கவலை பூசை வேளையிலும் என்னை விடுவதில்லை.

இதைப் படிப்போர் இல்லங்களில், உறக்கம் வேண்டுவோர்க்கு உறக்கமும், காத்துக்கிடப்போர்க்கு அவனைப் பாடும் குரலும் தவறாமல் வந்துசேர வேலவன் அருள்க.