செத்த ராணியின் சிரிப்பு

டப்பிங் பேசிப் பிழைக்கிறவள் நான். இதுவரை எத்தனை தடவை செத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. விபத்தில் செத்திருக்கிறேன், பேய் அடித்துச் செத்திருக்கிறேன், ஒரு கார்ட்டூனில் கோழியாக இருந்து பிரியாணியாகவும் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் யாரும் என்னை ஏனென்று கேட்டதில்லை. ஒரு கொரிய அரண்மனைத் தொடரில் விஷம் குடித்துச் செத்தேன் பாருங்கள், அதற்குப் பிறகு காய்கறி வண்டிக்காரர்கூட என்னை "ராணிம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சாவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல நூறு வருடங்களுக்கு முந்தைய கொரியா. ஓர் அரசன், அவனுக்குச் சின்ன வயதிலேயே கட்டிவைத்த ராணி. அரண்மனைத் தையல் அறைக்கு ஓர் அநாதைப் பெண் வேலைக்கு வருகிறாள். ராணி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஊசி பிடிப்பது முதல் எழுத்துக் கூட்டுவது வரை சொல்லித்தருகிறாள். பெண் வளர்கிறாள், அரசன் பார்க்கிறான். பிறகு என்ன, எல்லா ஊர் அரண்மனையிலும் நடப்பதுதான். ராணியைப் பிடிக்காத மந்திரிகள் அவள் சூனியம் வைத்ததாகப் பழி போடுகிறார்கள். அது பொய் என்று அரசனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ராணி போய்விட்டால் தையல்காரியை அந்த இடத்தில் உட்காரவைக்கலாம் என்ற ஆசை. ராணியின் பட்டத்தைப் பறித்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அடைத்துவிடுகிறார்கள். கடைசியில் அரசன் பெயரால் ஒரு கிண்ணம் கஷாயம் வருகிறது. ராஜ குடும்பத்தாரை அங்கே வெட்டிக் கொல்லமாட்டார்களாம், விஷக் கஷாயம் அனுப்புவதுதான் மரியாதையாம். ராணி வெள்ளை உடை உடுத்தி, பாயில் நின்று, அரண்மனை இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டுக் குடிக்கிறாள்.

ராணிக்கு நான் குரல். அரசனுக்குக் குரல் கொடுத்தவன் என்னை நாலு வருடம் காதலித்தவன். தையல்காரிக்குக் குரல் கொடுத்தவள் அவன் மனைவி. கதைக்காக ஜோடித்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பெங்களூரில் தமிழ் டப்பிங் பேசுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று பார்த்து ஆள் எடுத்தால் ஒரு தொடரும் முடியாது.

அவளை ஸ்டூடியோவுக்கு அழைத்துவந்ததே நான்தான். தொம்மலூர்ப் பெண், ஓர் ஆபீஸில் ரிசப்ஷனில் இருந்தாள். போனில் அவள் பேசிய விதத்தைக் கேட்டு, இந்தக் குரல் இங்கே வீணாகிறதே என்று நான்தான் கூட்டிவந்தேன். மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, மூச்சை எங்கே விழுங்குவது, அழும்போது வசனம் நசுங்காமல் எப்படிப் பேசுவது, எல்லாம் நான் சொல்லித்தந்தது. அவனும் நானும் பழகியதை ஸ்டூடியோவில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதனால் அவளுக்கும் தெரியாது. ஒரு நாள் வேலைக்குப் போனால் மேஜைமேல் அவர்களுடைய கல்யாணப் பத்திரிகை கிடக்கிறது. அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. வந்த கோபத்துக்கு மைக்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் மைக்தானே எனக்குச் சோறு போடுகிறது.

ராணி பாத்திரம் என்னைத் தேடி வந்தபோது அம்மா, "வேணாம்டி. அவன் மூஞ்சில முழிக்கணுமா? வேற எதுனா பாரு" என்றாள். நான் கேட்கவில்லை. அவன் பேசுகிற தொடர் என்று நான் ஒதுங்கினால், என் பிழைப்பையும் அவனுக்கே தாரைவார்த்த மாதிரி ஆகிவிடும். பேசுவேன், நன்றாகவும் பேசுவேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

தவிர, டப்பிங்கில் ஒரு சௌகரியம் உண்டு. யாரும் யார் மூஞ்சியிலும் முழிக்கவேண்டியதில்லை. அவரவர் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போவோம், முன்னால் பேசியவரின் குரல் ஹெட்போனில் வரும். மாதக்கணக்கில் அவன் என் காதுக்குள் "தேவி" என்று கூப்பிட்டான், நான் "சொல்லுங்கள் அரசே" என்றேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். முதல் வாரம் சிவாஜிநகர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதிருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். ராணி கஷாயத்தைக் குடித்துவிட்டாள். அரசனுக்கு அப்போதுதான் மனசாட்சி உறுத்தி, குதிரையில் பறந்து வருகிறான். ராணி அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்காருகிறாள். கேமராவும் அவள் முதுகுப் பக்கம்தான். "தேவி, என்னை மன்னித்துவிடு. ஒரே ஒரு வார்த்தை சொல்" என்று அரசன் மன்றாடுகிறான். ராணி பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் சரிகிறது. தையல்காரி ஓடிவந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். மூன்று பேருடைய வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது.

ஆனால் என் கையில் இருந்த வசனத்தில், ராணி "மன்னித்தேன், அரசே" என்று சொல்லிவிட்டுச் சாகிறாள்.

வசனம் எழுதுகிறவரும் எங்களுக்கு டப்பிங் இன்சார்ஜும் ஒருவர்தான். நல்ல மனிதர், ஆனால் மௌனம் என்றாலே அவருக்குக் கை அரிக்கும்.

"சார், கொரியன்ல இந்தம்மா ஒண்ணுமே பேசலையே" என்றேன்.

"முதுகு ஷாட்டும்மா. லிப் தெரியல. லிப் தெரியாத எடத்துல நாம என்ன வேணா ஃபில் பண்ணிக்கலாம்."

இது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. உதடு தெரிந்தால் அதன் அசைவுக்குத் தகுந்தபடி பேசியாகவேண்டும். முகம் திரும்பிவிட்டால் எங்கள் ராஜ்ஜியம்தான். நானே எத்தனையோ பேருடைய முதுகில் எதை எதையோ பேசியிருக்கிறேன்.

"இத மட்டும் நான் சொல்லமாட்டேன் சார்."

"ஒரு வார்த்தைம்மா. வீட்ல பாக்கற லேடீஸுக்கு அவ மன்னிச்சாத்தான் நிம்மதி."

"அவளுக்கு நிம்மதி வேணாமா? எல்லாத்தையும் புடுங்கிட்டாங்க. அந்த ஒரு வார்த்தைதான் அவ கையில மிச்சம். அதையும் தமிழ்ல நாம புடுங்கணுமா?"

அவருக்கு அரசல்புரசலாக ஏதோ தெரிந்திருக்கவேண்டும். "யார் மேலயோ இருக்கற கோவத்த ராணி தலையில கட்டாத" என்றார். சுருக்கென்றது. கோபம் இருந்தது, இல்லை என்று சாதிக்கமாட்டேன். அதற்காக நான் சொன்னது தப்பாகிவிடுமா? பிடிவாதமாக நின்றேன். ஒலிப்பதிவு பூத்துக்கு வெளியே அடுத்து ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர்கள் காத்திருந்தார்கள். "சரி, இப்ப செத்து முடி. அந்த வார்த்தைய நாளைக்கு வேற யாரையாவது வச்சு எடுத்துக்கறேன்" என்று அவர் போய்விட்டார்.

நான் செத்தேன். மூச்சை இழுத்து, பாதியில் விட்டு, அடங்கினேன்.

"மேடம், சிரிப்பு பாக்கி" என்றார் சவுண்ட் இன்ஜினியர்.

அவர் கன்னடக்காரர், சினிமாவில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பிணமாகப் படுத்து நடித்தவரை, ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கச் சொல்வார்கள். சாவு நடிப்போடு போகட்டும் என்று ஒரு சாங்கியம். அதை எங்கள் பூத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். சாவுக் காட்சி பேசினால், ரெக்கார்டிங்கை நிறுத்துவதற்கு முன்பே சிரித்தாகவேண்டும். அப்புறம் அந்தச் சிரிப்பை அவரே வெட்டி எறிந்துவிடுவார்.

"மூடு இல்ல சார்."

"பேடா, வேணாம் மேடம், அப்டியெல்லாம் போகக்கூடாது. ஸ்வல்ப, கொஞ்சூண்டு சிரிங்க."

சிரித்தேன். இன்சார்ஜ் மேல் எரிச்சல், ஹெட்போனில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்த குரல் மேல் எரிச்சல். வாய் திறக்காமல் மூக்கால் வந்த சின்னச் சிரிப்பு அது. விளம்பரக்காரர்கள் கதவைத் தட்டினார்கள், நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் இன்சார்ஜ் காய்ச்சலில் படுத்துவிட்டார், அந்த வார்த்தையை யாரையும் வைத்து எடுக்கவில்லை. இன்ஜினியர் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்த அவசரத்தில் சிரிப்பை வெட்ட மறந்துவிட்டார். எல்லாக் குரல்களையும் சேர்த்துக் கலக்கும் வேலை வேறு ஊரில். அதைச் செய்தவருக்குத் தமிழ் தெரியாது. அரசன் கேட்டதும் ராணி ஏதோ பதில் சொல்வாள் என்று மட்டும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தேடிப் பார்த்திருக்கிறார், ராணி குரலில் இடம் தெரியாமல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்திருக்கிறது.

தொடரின் கடைசிப் பகுதி வெளியான அன்று சாயங்காலம் அம்மாவும் நானும் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்துவைத்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். அரசன் குதிரையிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு இறங்கினான். "என்னை மன்னித்துவிடு. ஒரே ஒரு வார்த்தை சொல்" என்றான். எவள் குரலில் அந்த வார்த்தை வரப்போகிறதோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளை உடையில் அந்த முதுகு. அங்கிருந்து வந்தது என் சிரிப்பு. அப்புறம் தோள் சரிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அம்மா மட்டும் என் பக்கம் திரும்பி, "கரெக்டா சிரிச்ச" என்றாள்.



இரண்டு நாளில் ஸ்டூடியோவிலிருந்து போன். தொடரை வாங்கியவர்களுக்குச் சிரிப்பு பிடிக்கவில்லையாம். உடனே வந்து "மன்னித்தேன்" சொல்லவேண்டும், மாட்டேன் என்றால் ராணி முழுவதையும் முதலிலிருந்து வேறு குரலில் எடுப்பார்கள். நான் மாதக்கணக்கில் பேசிய ராணி இல்லாமலே போய்விடுவாள். அடுத்த தொடருக்கும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். பஸ்ஸில் போகும்போதே முடிவெடுத்துவிட்டேன். போனால் போகட்டும். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது.

அன்றைக்கு மூன்று பேரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் மூன்று குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதாம். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இருவரையும் ஒரே அறையில் அன்றுதான் பார்த்தேன். அவனுக்குத் தொப்பை போட்டிருந்தது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பூத்துக்குள் போய் ஹெட்போனை மாட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும். அரசன் கேட்டான், நான் பேசவில்லை. மறுபடி ஓட்டினார்கள், மறுபடியும் பேசவில்லை. இன்சார்ஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போது அவன் குனிந்து, உள்ளே பேசும் பட்டனை அழுத்தினான்.

"சொல்லிடேன். ஒரு வார்த்தைதான?" இது அரசன் குரல் இல்லை, அவனுடைய சொந்தக் குரல்.

"ஒரு வார்த்தைதான்" என்றேன். "நீ எங்கிட்ட அதகூட சொல்லாமதான போன?"

மைக் திறந்திருந்தது. எல்லோருக்கும் கேட்டது. இன்ஜினியர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பட்டனிலிருந்து விரலை எடுத்தான். அவன் மனைவி எழுந்து வந்து, அதே பட்டனை அழுத்தினாள். ஆனால் பேசியது இன்சார்ஜிடம்.

"சார், சிரிப்ப எடுத்தா என் அழுகையையும் மாத்தணும். எனக்கு அது திரும்ப வராது."

"ஏம்மா?"

"அக்கா பேசினதுக்கு அப்புறம்தான சார் நான் பேசினேன்? ஹெட்போன்ல அந்தச் சிரிப்பு இருந்துச்சு. ராணிதான் சிரிக்கறாங்கன்னு நெனச்சேன். அரசன பாத்து சிரிக்கறாங்களா, என்ன பாத்து சிரிக்கறாங்களான்னு தெரியல. அதான் அப்டி அழுதேன்."

இன்சார்ஜ் அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டார். அரசனின் கெஞ்சல், என் சிரிப்பு, அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அவளுடைய அழுகை. இன்னொரு தடவை போட்டார். பிறகு தொடரை வாங்கியவர்களுக்குப் போன் செய்து, "வச்சுக்குங்க சார். இதுக்கு மேல நல்லா வராது" என்றார். அவர்கள் அரை மனதோடு சரி என்றார்கள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், அவள். மூச்சு வாங்கியது.

"அக்கா, கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும். அதுவும் அவர் சொல்லல, நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எப்டி உங்க மூஞ்சில முழிக்கறதுன்னு தெரியல."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் போ" என்றேன்.

"அவர மன்னிப்பீங்களா?"

"மாட்டேன்."

பஸ் வருவது தெரிந்தது. அவள் தயங்கித் தயங்கி, "அப்ப என்னையாவது?" என்றாள்.

"உன்ன எதுக்குடி மன்னிக்கணும்? நீ என்ன பண்ண? மறுபடி அதே ஆபீஸ்ல உன் குரலக் கேட்டாலும், கையப் புடிச்சு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுத்தான் வருவேன்."

அவளுக்கு அழுகை வந்தது. வசனம் எதுவும் நசுங்கவில்லை, ஏனென்றால் அவள் எதுவும் பேசவில்லை. நான் சிவாஜிநகர் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, அவளைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.