எங்கள் வீட்டுத் தாளத்தில் ஒரு டிரம்பெட்

நான் ஹிப் ஹாப் செய்கிறவன். பாட்டு டீச்சர் பெற்ற பிள்ளை இப்படிப் போய்விட்டானே என்று அபிராமபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் சிலருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. நல்ல காது எனக்கு உண்டு, அது வீட்டிலிருந்துதான் வந்தது என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

பழைய ஜாஸ் பதிவுகளை வெட்டி ஒட்டி, அடியில் என் டிரம்ஸைப் போட்டு ஒரு முழு ஆல்பம் செய்துகொண்டிருந்தேன். அதில் உயிரான பாட்டு ஒன்று. இந்த ஊர் ஹோட்டல்களில் ஒரு காலத்தில் டிரம்பெட் வாசித்தவரின் டேப்பிலிருந்து எடுத்தது. அவர் இப்போது இல்லை. அவருடைய மகள் சாந்தோமில் இருக்கிறார், கல்யாணங்களுக்கு கேக் செய்து கொடுப்பவர். டேப்பைக் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: முடித்ததும் அவர் கேட்க வேண்டும், பிடித்தால்தான் வெளியே விடலாம். அந்தப் பாட்டு போனால் என் ஆல்பத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் பயப்படவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

சாந்தோம் போகும் முன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொடையில் தாளம் போட்டாள். தாளத் தட்டு விழுந்து, கொஞ்சம் தள்ளி டிரம்பெட் கிளம்பியதும், "எடுப்பு என்னமா வெச்சிருக்கார் பாரு" என்றாள். அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வாங்குவது லேசில்லை.

அந்தத் தெம்போடு சாந்தோம் போனேன். டிரம்பெட்காரரின் மகள் கேக்குக்கு ஐசிங் போட்டுக்கொண்டே கேட்டார். முதல் வரி முடிவதற்குள் கை நின்றுவிட்டது.

"இன்னா தம்பி இது? எங்கப்பா தாளம் தப்பி வாசிக்கிற மாதிரி கீது."

தாளம் சரியாகத்தான் இருக்கிறது ஆன்ட்டி, எங்கள் அம்மாவே போட்டுப் பார்த்தாள் என்றேன், கொஞ்சம் திமிராகவே. அவர் வாதாடவில்லை. டேப்பில் இருந்ததை அப்படியே போடச் சொன்னார். டிரம்பெட் கிளம்பிச் சில சுரங்கள் ஓடியதும் டப்பென்று ஒரு சத்தம். அதே நேரத்தில் அவரும் காலால் தரையைத் தட்டினார். அப்பா வாசிக்கும்போது ஷூக் காலால் தட்டிக்கொண்டே இருப்பாராம். நான் அதை யாரோ நாற்காலியை இடிக்கிற சத்தம் என்று நினைத்துத் துடைத்து எடுத்திருந்தேன்.

எங்கள் வீட்டுச் சங்கீதத்தில் பல பாட்டுகளில் தாளம் முதலில் விழும், பாட்டு சற்றுப் பொறுத்துக் கிளம்பும். அதைத்தான் அம்மா எடுப்பு என்றாள். டிரம்பெட்காரர் நேர்மாறு. முதலிலேயே ஊதிக்கொண்டு ஓடிவந்து தாளத்தின்மேல் குதிக்கிறார். நான் அவரைப் பிடித்து எங்கள் கணக்கில் உட்காரவைத்துவிட்டேன். மயிலாப்பூர்ப் பக்கம் கச்சேரி கேட்டு வளர்ந்தவனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள்கூட அப்பா தாளம் தவறியதில்லை, அந்தப் பேர் ஒன்றுதான் அவர் சேர்த்து வைத்தது என்றார் மகள். இதை வெளியே விடாதே என்று சொல்லிவிட்டு கேக் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் டிரம்ஸை டிரம்பெட்காரரின் கால் தட்டலுக்கு நேராக நகர்த்தினேன். சரியாக இருந்தது. ஆனால் அம்மா எடுப்பைக் காணோமே என்று தேடினாள், எனக்கும் அது என் பாட்டாகவே படவில்லை. அவர் வாசித்தது அப்படித்தான். அதற்காக என் காதில் விழுந்தது பொய்யாகிவிடுமா? முதல் பாதியை நான் கேட்டபடியே விட்டேன். நடுவில் டிரம்ஸை மொத்தமாக நிறுத்தி, டிரம்பெட்டையும் ஷூ சத்தத்தையும் மட்டும் ஓடவிட்டேன். அதன் பிறகு என் டிரம்ஸ் அந்தக் காலோடு சேர்ந்து வந்தது.

மறுபடி போனேன். இந்த முறை மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். முதல் பாதியில் முகத்தில் ஈயாடவில்லை. டிரம்ஸ் நின்று ஷூ சத்தம் வந்ததும் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்தது. முதல் பாதியை மாற்றமாட்டேன் ஆன்ட்டி, பிடிக்காவிட்டால் பாட்டையே எடுத்துவிடுகிறேன் என்று நானே சொன்னேன்.

"கால் சத்தத்துல இருந்து எங்கப்பா," என்றார். "அதுக்கு முன்னாடி, நீ அவர எப்டி கேட்டியோ அது. ரெண்டும் இருக்கட்டும் தம்பி. போட்டுக்கோ."