உடைந்த முந்திரிப்பழ ஜாடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தோ அறுபத்தாறோ இருக்கும். கடலூருக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக்காட்டு ஊரில் என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் பிறந்தது சிதம்பரம் பக்கம், நெல் விளைகிற ஊர். முந்திரியைப் பருப்பாகத்தான் பார்த்திருந்தேன்.

அந்த வீட்டில் எனக்கு மூத்த மருமகள் ஒருத்தர். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்குப் பிறந்த வீடு பாண்டிச்சேரி எல்லைக்குள். எங்கள் பக்கம் அப்போது மதுவிலக்கு. அங்கே இல்லை. ஊருக்குப் போய் வரும்போது துணி மூட்டைக்குள் சாராயம் வந்துவிடும். நாவல் பழமும் பனங்கற்கண்டும் போட்டு மாதக்கணக்கில் ஊற வைப்பார். விருந்தாளி வந்தால் ஆம்பளைகளுக்கு ஆளுக்கு ஒரு சின்ன தம்ளர்.

"அண்ணி கை யாருக்கு வரும்?" என்பார் என் வீட்டுக்காரர். நான் வைத்த குழம்புக்கு அவர் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. எனக்கு வயிறு எரியும்.

சித்திரையில் என் அண்ணன் வருவதாகச் சொல்லி அனுப்பினான். என் அண்ணனுக்காவது என் கையால் ஊற்ற வேண்டும் என்று நினைத்தேன். அக்காவிடம் கொஞ்சம் சாராயம் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்தார். அவர் காட்டுக்குப் போயிருந்த நேரம், நல்ல சிவப்பு முந்திரிப்பழமாகப் பறித்து, கொட்டையோடு கண்ணாடி ஜாடியில் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. பருப்பு வாசமும் இறங்கட்டும் என்று கொட்டைகளைக் கீறிவிட்டேன். கொட்டையைச் சுடும்போதுதான் அதன் ஓட்டுப் பால் தெறித்துப் புண்ணாகும் என்று நினைத்திருந்தேன். பச்சைக் கொட்டையிலும் அது இருக்கும் என்று தெரியாது.

அதே வாரம் சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தேன். விரலெல்லாம் கொப்புளம். சுண்ணாம்பு தின்றுவிட்டது என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் வந்தான். இலை போட்டதும் என் ஜாடியைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன்.

"மச்சான், இது உங்க தங்கச்சி சரக்கு. குடிச்சிட்டு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சண்டைக்கு வருவா" என்றார் வீட்டுக்காரர்.

"அவ சுடுதண்ணி வச்சாலே தீஞ்சிடும். நீங்க மொதல்ல குடிங்க மாப்ள" என்றான் அண்ணன்.

சிரித்தார்கள். ஊற்றச் சொல்லித் தம்ளரை நீட்டினார்கள். அக்கா மீன் குழம்போடு வந்தார். ஜாடியைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் குனிகிற சாக்கில் முழங்கையால் ஜாடியைத் தட்டிவிட்டார். தரையெல்லாம் கண்ணாடி.

"என்ன அண்ணி! கண்ணு தெரியலியா?" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். அண்ணன் எதிரில்.

"கை தவறிடுச்சி தம்பி. நாவல் ஜாடிய எடுத்தாறேன்."

அன்றைக்கும் அவர் ஜாடிதான். அன்றைக்கும் அதே 'அண்ணி கை' பேச்சுதான்.

அடுப்படியில் கேட்டுவிட்டேன். "என் சரக்கு நல்லா வந்துடும்னு பயமாக்கா?"

"கையக் காட்டு. இது எப்படி ஆச்சி?"

"சுண்ணாம்பு."

"சுண்ணாம்பு இல்லடி. கொட்டைப்பால். கையிக்கே இப்படின்னா, உங்க அண்ணன் தொண்ட என்னத்துக்கு ஆவும்?"

நான் நம்பவில்லை. பொறாமையில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அக்கா தரையைத் துடைத்த துணியில் இருந்த ஈரத்தைத் தன் முன்னங்கையில் ஒரு சொட்டுப் பிழிந்து தேய்த்துக்கொண்டார். "ரெண்டு நாள் களிச்சிப் பாரு" என்றார். பிறகு என் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டார்.

அண்ணன் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தான். அதற்குள் அவர் முன்னங்கை பொங்கிப் புண்ணாகிவிட்டது. அவர் சொன்னது உண்மை என்று அப்போதுதான் நம்பினேன். நானே ஆம்பளைகளிடம் உண்மையைச் சொல்லப் போனேன். "சும்மா இரு. அண்ணன் வந்து போன வூட்டுல உனக்கு எதுக்குக் கெட்ட பேரு?" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

கண்ணு தெரியாத அண்ணி என்று வீட்டுக்காரர் வெகுகாலம் கேலி செய்தார். அக்கா சிரித்துக்கொள்வார்.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. நாவல் பழம் ஊற வைக்க நானும் கற்றுக்கொண்டேன், ருசியும் வந்தது. ஆனால் ஒரு ஜாடியைத் தட்டிவிட்டுத் திட்டையும் வாங்கிக்கொண்டு வாய் மூடி இருக்கிற மனசு எனக்கு வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவர் மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.