மண்சுவருக்குப் பின்னால் புல்

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணைப் புகழ வேண்டுமென்றால் அவள் அழகைச் சொல்ல மாட்டார்கள், கைப்பக்குவத்தையும் சொல்ல மாட்டார்கள். பனி உருகி ஆடு மாடு குதிரையெல்லாம் மேய்ச்சலுக்கு இறங்கிய பிறகும் அவள் கொட்டகையில் எவ்வளவு காய்ந்த புல் மிஞ்சிக் கிடந்தது என்றுதான் சொல்வார்கள். அதில் ரான்வெய்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு பண்ணையைத் தனியாகக் கட்டி மேய்த்தவள். போன வருடத்துப் புல்லின் மேல்தான் இந்த வருடத்துப் புல்லை அடுக்குவாள்.

பயந்தாங்கொள்ளி என்றும் அவளைச் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வருடம் வசந்தம் வரவே இல்லை. அவள் அப்பாவிடம் புல் இருந்தது. புல் கட்டத் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு யார் வந்து வாசலில் நின்றாலும் ஒரு கட்டு கட்டிக் கொடுத்தார். கொடுத்துக் கொடுத்துத் தீர்ந்தது. ஊர்க் குதிரைகளும் அவர் குதிரைகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. கரைக்குப் போய்க் கருவாடு ஏற்றி வர ஒரு குதிரைகூட மிஞ்சவில்லை. ரான்வெய்கின் தம்பி அந்தக் கோடையைப் பார்க்கவில்லை. ஊர் அப்பாவைத் தர்மவான் என்றது. அந்த வார்த்தை காதில் விழுந்தாலே அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பதை ரான்வெய்குக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

எங்கள் குதிரைகள் குளிர்காலத்திலும் வெளியில்தான் நிற்கும். குளம்பால் பனியைக் கிளறி அடியில் கிடப்பதைத் தின்னும். அதனால்தான் இலையுதிர் காலத்தில், கையிருப்புப் புல் தாங்குவதற்கு மேலே குதிரைகளை வைத்துக்கொண்டு, "கடவுளையும் தரையையும் நம்பி விட்டிருக்கோம்" என்று சிரிப்பார்கள். இந்தக் கதை நடந்த வருடம் இரண்டு பேருமே கைவிட்டார்கள். பனியின் மேல் மழை பெய்து உறைந்தது, தரை கண்ணாடியாகிவிட்டது, குளம்பு வழுக்கியது. இனிக் கடற்கரைப் பாசிதான் கதி என்று குதிரைகளைக் கரைக்கு ஓட்டினால், வடக்கிலிருந்து பனிப்பாளங்கள் மிதந்து வந்து வளைகுடாவை அடைத்துக்கொண்டன. பாசி பனிக்கு அடியில் போனது.

ரான்வெய்கின் வேலையாள் ஸ்டூர்லா எல்லா ஆண்களையும் போலத் தெற்கே மீன்பிடிக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும், லாயத்தில் அவள் குதிரை பிளேசியும், சில ஆடுகளும்தான். ஒரு காலையில் வாசலில் நின்று பார்த்தாள். தூரத்தில் யாரோ தோளில் கயிற்றோடு ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே ஓடிப்போய்க் கொட்டகையைப் பார்த்தாள். புல் இருந்தது. பிளேசிக்கும் ஆடுகளுக்கும் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். பள்ளத்தாக்குக்குப் போதாது.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தாள். கூரைமேல் பரப்பவென்று புல்வேரோடு வெட்டி வைத்திருந்த மண்கட்டிகளைச் சுமந்து வந்து, கொட்டகையின் நடுவில் புல்லுக்கு முன்னால் தரையிலிருந்து கூரை வரை ஒரு சுவர் எழுப்பினாள். ஓரத்தில் தான் மட்டும் நுழைய ஒரு பொந்து விட்டு, அதைப் பழைய பலகையால் மறைத்தாள். சுவர் புதிதாகத் தெரியாமலிருக்க அடுப்புச் சாம்பலைக் கரைத்துப் பூசினாள். முன்பக்கம் ஒரு துரும்பு இல்லாமல் கூட்டினாள்.

முதலில் வந்தவன் இலூகி. கீழ்ப்பண்ணைக்காரன், இளவயது, மனைவியும் சின்னக் குழந்தைகளும். சாவு வீட்டில்கூடச் சிரிக்க வைப்பான்.

"அக்கா, உயிரோட இருக்கீங்களா? இல்ல நீங்களும் உறைஞ்சு போயிட்டீங்களா?"

"உள்ள வாப்பா. காப்பி போடறேன்."

"காப்பி அப்புறம். ஒரு கட்டு புல்லு குடுங்க, ஒரே ஒரு கட்டு. கிரானா வயித்துல குட்டி இருக்கு. என் ஒரே குதிரை, உங்களுக்குத் தெரியாததா."

அவள் கொட்டகைக் கதவைத் திறந்து காட்டினாள். இலூகி உள்ளே போய் வெறும் தரையைப் பார்த்தான். பிறகு அந்தச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். கை வைத்த இடத்தில் மண் இன்னும் ஈரமாயிருக்குமோ என்றுதான் அவள் மனம் ஓடியது.

"வாசம் மட்டும் போகல பாருங்க" என்றான் அவன்.

"வாசத்தைத் தின்ன முடியுமா?"

"அதுவும் சரிதான்." கயிற்றைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டான். "உங்க வீட்லயே இல்லன்னா இந்தப் பள்ளத்தாக்குல எங்கயும் இல்ல. நல்லதாப் போச்சு, வீடு வீடா அலைய வேண்டாம்."

அவள் சொல்லை அவ்வளவு நம்பினான். அலைந்திருந்தால் மேல்கோடியில் யாராவது ஒரு கை கொடுத்திருப்பார்களோ என்னவோ. அவன் நேரே வீட்டுக்குப் போனான். அவன் போன பிறகு அவள் லாயத்தில் பிளேசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அன்று முதல் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பட்டினி கிடக்கிற குதிரைக்கு மினுமினுவென்று முடி இருக்காது, பச்சை லத்தி போடாது. அவள் லத்தியை அள்ளி அள்ளிப் பனியில் புதைத்தாள். பிளேசியை வெளியே விடவே இல்லை.

கோடையின் முதல் நாள் வந்தது. எங்கள் ஊரில் அது நாள்காட்டிக் கோடை, வெளியே பனி கொட்டினாலும் கோடைதான். அன்று ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு ஜோடிக் காலுறையாவது. இலூகி முதுகில் ஒரு சாக்கோடு வந்தான். அவன் இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது.

"கோடை வாழ்த்துக்கள், அக்கா. சிரிக்காதீங்க, இதுதான் பரிசு."

சாக்கைத் தரையில் கவிழ்த்தான். கடற்பாசி. கோடரியால் பனியை வெட்டி, அடியில் கைவிட்டுப் பிடுங்கியிருந்தான்.

"எதுக்குப்பா இது? உன் குதிரைக்கு?"

"கிரானாவுக்குப் பாதி, பிளேசிக்குப் பாதி. உங்க வீட்டுலயும் ஒண்ணுமில்லயே. பாத்துட்டுத்தானே போனேன்."

அவள் தடுப்பதற்குள் பாசியை அள்ளிக்கொண்டு லாயத்துக்குள் போய்விட்டான். பிளேசி அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இலூகியின் காலடியில் சூடு ஆறாத லத்தி கிடந்தது. ரான்வெய்க் முன்னே வந்து பாவாடையால் அதை மூடிக்கொண்டு நின்றாள்.

"என்னடா, ராஜா வீட்டுக் குதிரையா நீ? தின்னுடா."

"வயிறு சரியில்ல அதுக்கு" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

இலூகியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "பட்டினிக் குதிரை தீனிய வெறுத்தா நல்லதுக்கில்ல, அக்கா" என்று சொல்லி, பிளேசியின் காதை மெதுவாகத் தடவிக் கொடுத்தான். இருட்டில் அதன் நிறைந்த வயிறு அவன் கண்ணில் படவில்லை. கிளம்பும்போது, "விட்றாதீங்க. நாளைக்கும் கொண்டு வர்றேன்" என்றான்.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. அவன் தலை மறைந்ததும் பொந்துக்குள் நுழைந்து நல்ல புல்லாக ஒரு கட்டு கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு வாசல் தாண்டிப் போனாள். வேலி ஓரம் வரை போனாள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் எல்லா வீட்டுப் புகையும் தெரியும். ஒரு கட்டு வெளியே போனால் எல்லாக் கயிறும் இங்கே வந்து நிற்கும். அப்பாவின் வாசலில் நின்ற கூட்டம் கண்முன் வந்தது, தம்பியின் முகமும் வந்தது. திரும்பி வந்து கட்டைப் பழைய இடத்திலேயே போட்டாள்.

இலூகி மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. கீழ்ப்பண்ணையின் மேல் அண்டங்காக்கைகள் வட்டமடிப்பதை அவள் பார்த்தாள். குட்டியை ஈனும் முன்பே கிரானா படுத்துவிட்டது, படுத்தது எழவில்லை. அந்த வாரமே தெற்குக் காற்று அடித்தது. பனிப்பாளங்கள் ஒன்றும் நடக்காதது மாதிரி விலகிப் போயின. சரிவுகளில் பச்சை தலை காட்டியது.

மீன்பிடியிலிருந்து திரும்பிய ஸ்டூர்லா கொட்டகைக்குள் போய்விட்டு வந்து வெகுநேரம் மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"சுவரு புதுசா இருக்கே, வீட்டம்மா."

அவள் பால் வாளியைக் கழுவத் தொடங்கினாள்.

"சரி. புல்லறுப்பு வருது. புதுப் புல்ல எங்க வைக்கறது?"

இத்தனை வருடமும் மிஞ்சிய புல்லை ஊர் பார்க்க வேண்டுமென்று கதவைத் திறந்து வைத்தவள் அவள். இப்போது அந்தக் கதவைச் சாத்தியே வைத்தாள். புல்லறுப்பு தொடங்கியது. எல்லாப் பண்ணையிலும் தப்பிய குதிரைகள் இரண்டு பக்கமும் கட்டு சுமந்து போயின. கீழ்ப்பண்ணையில் மட்டும் இலூகியும் அவன் மனைவியும் முதுகில் சுமந்தார்கள். இரண்டு கட்டுக்குக் கால் முளைத்து நடப்பது மாதிரி மேலிருந்து தெரிந்தது. சாயங்காலத்தில் மனைவி பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். அதை ரான்வெய்க் தினமும் பார்த்தாள்.

ஒரு நாள் பட்டப்பகலில் சுவரை இடித்தாள். பழைய புல்லை இரண்டு கட்டாகக் கட்டி பிளேசியின் மேல் ஏற்றி, கீழ்ப்பண்ணைக்கு நடந்தாள். புதுப் புல் பச்சையாக இருக்கும், பழசு பழுப்பு. எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். வயல்களில் அரிவாள்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஓடிவிடலாம் போலிருந்தது.

இலூகி நிமிர்ந்தான். குதிரையைப் பார்த்தான், கட்டைப் பார்த்தான். ஒரு பிடி உருவி முகர்ந்தான்.

"பழைய புல்லு."

"ஆமா."

"எங்க இருந்துச்சு?"

"சுவருக்குப் பின்னாடி."

"நான் கை ஊனி நின்ன சுவரு?"

"ஆமா. பயந்துட்டேன், இலூகி. எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. பிளேசிய வச்சுக்கோ. திருப்பித் தர வேண்டாம், உனக்குத்தான். கோடைப் பரிசுன்னு வச்சுக்கோ."

அவன் ஏதாவது திட்டுவான் என்று காத்திருந்தாள். ஒரு கேலியாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் இரண்டு கட்டையும் அவிழ்த்து இறக்கி அவள் காலடியில் வைத்தான். மனைவியின் முதுகிலிருந்த பச்சைக் கட்டை வாங்கி பிளேசியின் மேல் ஏற்றினான்.

"கோடைப் பரிசு முதல் நாள்ல குடுக்கறது, அக்கா" என்றான். பிளேசியைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

ஊர் பார்த்துக்கொண்டிருக்க, ரான்வெய்க் ஒரு கட்டை முதுகில் ஏற்றிக்கொண்டாள். அதிகக் கனமில்லை. ஒரு குதிரை ஒரு வாரம் தின்னும். கிரானாவுக்கு அந்த ஒரு வாரம்தான் தேவைப்பட்டது.