குணம் அண்ணையின் வேட்டைக் கோட்

போன கிழமை விபோர்க் நகருக்கு வெளியே மகள் காரை மெல்ல நிறுத்தினாள். வயலோரம் இரண்டு மான்கள். சத்தம் போடாதே என்று டேனிஷில் என்னை அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மான்கள் ஓடிவிட்டன. எல்லாம் குணம் அண்ணையால் வந்த வினை.

உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. என்னோடு யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்கள் ஆட்களில் முதன்முதல் வேட்டை லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணியவர். அதன் பிறகு மனுசனின் கால் நிலத்தில் படவில்லை. பச்சைத் தொப்பி, பச்சைக் கோட், பச்சைச் சப்பாத்து. கோயில் திருவிழாவுக்கும் அந்தத் தொப்பியோடு வந்தார். ஆட்டு ஈரலைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஆள்!

பக்கத்துக் காட்டு வேட்டைக் குழுவில் ஓர் இடம் காலியானது. காட்டுச் சொந்தக்காரக் கிழவர், ஒரு நாள் தன்னோடு பரணில் வந்து இருக்கச் சொன்னார். ஆளைப் பிடித்துப்போனால் இடம் அண்ணைக்கு. மனுசனுக்கு நித்திரையே போய்விட்டது. மான் கண்ணைவிட மூக்கைத்தான் நம்புமாம். தன் வீட்டில் கறி மணம் என்று கோட்டை என் கராஜில் கொண்டுவந்து தொங்கவிட்டார்.

"ஒரு மணமும் படக்கூடாது, கண்டியோ தம்பி."

"ஓம் அண்ணை."

இரண்டாம் நாளே அங்கே நான் மிளகாய் வறுத்தேன். வீட்டுக்குள் வறுத்தால் புகை மணி அலறும், வேறெங்கே போக? கோட்டைக் கண்டேன்தான். இந்தப் பெரிய மனுசனுக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு விடிய என்னையும் கூட்டிப்போனார். தன் பவுசைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. கார்க் கதவை அடித்துச் சாத்தவில்லை. காற்று முகத்தில் படும் பக்கமாகச் சுற்றி, சருகு கூட்டி ஒதுக்கிய பாதையால் போனோம். அண்ணை மணவறைக்கு வரும் பொம்பிளை மாதிரி அடி வைத்தார். நான் மூச்சு விட்டதற்கும் முறைத்தார். அவர் ஏணியில் கால் வைத்தபோது காற்றுத் திரும்பியது. பற்றைக்குள் மான் ஒன்று நாய்போலக் குரைத்துக்கொண்டு பாய்ந்தது.

மேலே இருந்த கிழவர் மூக்கை உறிஞ்சினார். "சாப்பாட்டு மணம்" என்றார் டேனிஷில், மிகவும் பண்பாக. எங்கள் இருவர் மூக்கிலும் அது ஏறவே இல்லை. பிறகு அவர் அழைக்கவுமில்லை.

திரும்பும்போது அண்ணை கேட்டார். "கோட்டில ஏதும் பட்டதோ?"

"சீ, இல்லை அண்ணை."

"அப்ப என்ர உடம்புதான். எத்தினை வருசம் இருந்தாலும் எங்கட மணம் போகாதடா."

வேட்டைத் துவக்கை விற்றார். தொழிற்சாலைக் கன்டீனில் டேனிஷ்காரரை விட்டுத் தள்ளி, தனியே இருந்து சாப்பிட்டார். அதையும் நான் நக்கலடித்தேன்.

அந்தப் பரண் இப்போது இல்லை, காடு நின்ற இடத்தில் சூரியத் தகடுகள். தொழிற்சாலையும் போலந்துக்குப் போய்விட்டது. அண்ணை செத்து மூன்று வருடம். கடைசியாக ஓகூஸ் ஆஸ்பத்திரியில், டேனிஷ் தாதி கிட்ட வரும்போதெல்லாம் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொள்வார். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.