கால் போத்தலில் இருந்த நித்திரை

சாராயக் கால் போத்தல் ஒன்றை எங்கே கண்டாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கல்முனைக்குடியில் பிறந்த ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை இப்படிச் சொன்னால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். கதைக்கட்டும். எங்கள் வீட்டையே தலைகீழாகப் புரட்டியது அப்படியொரு போத்தல்தான்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மச்சானும் ஒரு றங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். கடல் தொழில் செய்தவர், நல்ல உயரம், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். உம்மா அவருக்குக் கோழியும் இறாலுமாக ஆக்கிப் போட்டுக் களைத்துப் போனார். பதினோராம் நாள் முற்பகல், துவைத்த சாரன்களை மடித்து வைக்கலாமென்று அவருடைய பெட்டியைத் திறந்த உம்மா, அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். உடுப்புகளுக்கடியில் ஒரு கால் போத்தல். கண்ணாடியில் சாராயக் கம்பனியின் எழுத்துப் புடைத்து நின்றது. உள்ளே பாதிக்குமேல் ஏதோ தண்ணீர்.

அயல் வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்பதால் உம்மா குசுகுசுப்பிலேயே ஒப்பாரி வைத்தார். “எண்ட புள்ளையக் குடிகாரனுக்கில்லா குடுத்திட்டம்!” கடையிலிருந்து வாப்பா ஓடி வந்தார். மச்சானைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். இப்படியொரு விசாரணையைப் பார்க்காமல் விட எனக்கென்ன பைத்தியமா?

“என்னண்டு சொல்லுங்க மகன்,” என்றார் வாப்பா.

மச்சான் தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். வாப்பா மூன்று தரம் கேட்டார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, “சரி. பள்ளி மரைக்காரக் கூட்டிக்கிட்டு வாறன். அவர் தீர்க்கட்டும்,” என்றார். ஊர் வழக்குகளைத் தீர்க்கிற பள்ளிவாசல் மரைக்கார் வந்தால் கல்யாணம் முறிந்தது என்றுதான் கருத்து.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து ராத்தா வெளியே வந்தாள். வாப்பாவுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்காதவள், உம்மாவின் கையிலிருந்து போத்தலைப் பறித்து, தக்கையைப் பிடுங்கி, ஒரு முடக்குக் குடித்தேவிட்டாள்!

“ஹராமடி!” என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ராத்தா முகத்தைச் சுளித்தாள். “உப்புக் கரிக்கிது.”

“சாராயம் அப்பிடித்தான் இரிக்கும்,” என்றார் உம்மா, எல்லாம் தெரிந்தவர் போல.

வாப்பா போத்தலை வாங்கி முகர்ந்தார். ஒரு சொட்டை நாக்கில் தொட்டார். “இல்ல. சாராயம் தொண்டைய எரிக்கும். உப்புக் கரிக்காது.”

உம்மா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். “அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

ஐந்து நேரமும் முதல் வரிசையில் நின்று தொழுகிற என் வாப்பா, தாடியைத் தடவியபடி முகட்டைப் பார்த்தார். “கல்யாணத்துக்கு முந்தி... ஒருக்கா...”

மச்சான்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அழத் தொடங்கினார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுததை இன்றும் காண்கிறேன். போன வாடைக் காலத்தில் தோணி கவிழ்ந்து அவருடைய தம்பி மவுத்தானது எங்களுக்குத் தெரியும். தெரியாததை அன்று சொன்னார். “தம்பிட கை எண்ட கையிலதான் இருந்திச்சி. கண்ண மூடினா அந்தக் கை வழுக்கிப் போகுது. இதக் குடிக்காட்டிக் கத்திக்கிட்டு எழும்புறன்.” ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி ஐயா கொடுத்த நித்திரை மருந்து அது. அந்தக் காலத்தில் மருந்துக்குப் போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பழைய போத்தல் கடையில் அவருக்குக் கிடைத்தது அதுதான். அளவு காட்ட ஒட்டிய காகிதம் பெட்டிக்குள் உரிந்து போயிருந்தது.

“வாயைத் திறந்து சொன்னா என்ன?” என்று உம்மா கேட்டார்.

“குடிகாரன் எண்டா திருத்தி வெச்சிருப்பீங்க மாமி. பயந்தவன ஆரு வெச்சிருப்பா?”

உம்மா எழும்பினார். அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து, போத்தலையும் கரண்டியையும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற யன்னலில் வைத்தார். ஒரு முடக்குக் குடித்த ராத்தா அஸர் தொழுகையையும் தவறவிட்டு அந்தி மஃரிபு வரைக்கும் குறட்டை விட்டாள். மச்சான் பக்கத்திலிருந்து விசிறிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் மருந்து குறைந்து, பிறகு நின்றது. வாப்பாவின் அந்த ‘ஒருக்கா’வை உம்மா குத்திக்காட்டுவது மட்டும் அவர் இருக்கும்வரை நின்றபாடில்லை.

அந்த வீடும் யன்னலும் இப்போது இல்லை. கடல் ஊருக்குள் வந்த அன்று போய்விட்டன. மச்சானையும் ராத்தாவையும் அல்லாஹ் அதற்கு முன்பே அழைத்துக்கொண்டான். தப்பிய எனக்குக் கண்ணை மூடினால் தண்ணீர் வந்தது. டொக்டர் தந்த குளிசைகளை பிஸ்கட் தகரத்தில், துணிக்கடியில் ஒளித்து வைத்தேன். மச்சானின் போத்தலை நினைத்துச் சிரிக்கிற நான்! அவர் பதினொரு நாள்தான் ஒளித்தார். நான் ஏழு மாதம்.

போன வெள்ளிக்கிழமை பெட்டிக்கடை வாசலில் ஒரு கால் போத்தல் கிடந்தது. நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் தகரத்தைத் திறந்து, குளிசை அட்டையை எடுத்து யன்னலில் வைத்தேன். மகள் பார்த்துவிட்டு, “இதென்ன உம்மா?” என்றாள்.

“இரி புள்ள, சொல்றன்,” என்றேன்.